கூரையைத் தட்டியவன்

அத்தியாயம் ஏழு

படகு கிளம்பியதும் இன்பராஜ் கடலைப் பார்த்துக் கை கூப்பினான். பக்தியில் அல்ல. காலையில் தின்ற பூரி உள்ளேயே இருக்கட்டும் என்ற வேண்டுதல் அது.

“நம்மூர்ச் சுரங்கத்துல கேஜ் லிஃப்ட்ல உள்ள இறங்கறப்போ வயிறு மேலயே நின்னுக்கும், ஆளு மட்டும் கீழ போவான். அதுகூடப் பரவால்லக்கா. இது இன்னாடான்னா, வயிறு ஒரு தீவுக்குப் போவுது, நான் ஒரு தீவுக்குப் போறேன்.”

“வாயை மூடிக்கினு தூரத்துல பாரு. சரியாயிடும்,” என்றாள் ஞானசுந்தரி.

“மூடினாத்தான் வருதுக்கா. பேசினா உள்ள தள்ளிக்கினு போவுது.”

உதவிக்குக் கூட்டி வந்தவன் பேசட்டும் என்று விட்டுவிட்டாள். கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூர், மதராஸ், அங்கிருந்து கப்பலில் போர்ட் பிளேர், அப்புறம் இந்தத் தீவுப் படகுகள் என்று வந்த வழியெல்லாம் அவன் பேச்சுத்தான் அவளுக்கு ஊர்.

மேல்தட்டில் வாழைத்தார்களும் ஆடுகளும் கிடந்தன. ஒரு பெண் தையல் மிஷினைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள். தீவு ஒன்று பச்சையாகக் கிட்டே வந்து, ஆள் அரவமே இல்லாமல் விலகிப் போயிற்று. படகில் இருந்த ஒவ்வொருவருக்கும் இறங்குகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது. இறங்கித்தான் வீடு தேட வேண்டியவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அந்த நினைப்பு ஞானசுந்தரிக்குப் புதிதல்ல. ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக் கடை மாடியில் ‘தனியார் விசாரணை’ என்று பலகை மாட்டியிருக்கும் தன் அறைக்குத் திரும்பும்போதும், இதே போல எங்கோ தங்க இடம் கேட்டுப் போகிறவளாகத்தான் அவள் படியேறுவாள்.

பொம்பளைத் துப்பறிவாளி என்று ஊர் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு பின்பக்கப் படி வழியாக ஒவ்வொருவராக வரும். பார்வதம்மாவும் அப்படித்தான் வந்தாள்.

அவள் கணவன் முனிரத்தினம் சுரங்கத்தில் டிரில் அடிப்பவன். மூன்று வருடம் முன்பு ஒருநாள், காலை ஷிஃப்ட் முடித்தவன் வீட்டுக்கு வரவில்லை. அவன் மேலே வந்துவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உள்ளே இறங்குகிறவன் கையோடு எடுத்துப் போகும் பித்தளை டோக்கன், அவனுடைய நம்பர் ஆணியில் திரும்ப வந்து தொங்கியது. அன்று மாலை சுரங்கத்தின் வேறொரு லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. ஊரில் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். அங்கே வேலையில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. உடல்களை எடுக்க முடியாமல் அந்த இடத்தையே அடைத்துவிட்டார்கள். செத்தவர்களில் முனிரத்தினத்தின் கூட்டாளி ராஜப்பாவும் ஒருவன். ராஜப்பாவுக்காக ஊர் அழுதது. முனிரத்தினத்துக்கோ, பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினவன் என்று குழாயடியில் தீர்ப்பாகிவிட்டது.

“செத்துட்டாருன்னா அழுதுட்டு எழுந்துக்குவேன் மா,” என்றாள் பார்வதம்மா. “உட்டுட்டுப் போய்ட்டாருன்னா, நான் இன்னா பண்ணேன்னு தெரியணும். அத்த மட்டும் கேட்டுக்கினு வாங்க.”

“ஆள் எப்படி?”

“பேச மாட்டாரு. கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு. சோத்துத் தட்டை ஓங்கி வெச்சாத்தான் திரும்பிப் பாப்பாரு.”

ஒரு கசந்த குடித்தனத்தின் சத்தம் அந்தத் தட்டில் கேட்டதாக ஞானசுந்தரி எடுத்துக்கொண்டாள்.

துப்பு என்று கையில் இருந்தது ஒன்றுதான். கப்பலில் வேலை பார்க்கும் ஊர்க்காரன் ஒருவன் லீவில் வந்தபோது சொன்னது. அந்தமானில் தீவுப் படகு ஒன்றில் டிக்கெட்காரர் “முனிரத்தினம், கோலார்!” என்று கூப்பிட்டாராம். கூட்டத்தில் ஒரு கை உயர்ந்ததாம். முகம் தெரியவில்லை.

தீவுகளில் லாட்ஜ் கிடையாது. யாராவது வீட்டில் ஒரு மூலை, பள்ளிக்கூட வராந்தா, மரக் கிடங்கு. அதனால் ஞானசுந்தரியின் வேலை சுலபமாயிற்று. தனியாக வந்த ஒருவனைத் தேடுவதற்கு, தனியாக வந்த ஒருத்தி தங்க இடம் கேட்டுப் போனால் போதும். இருவருக்கும் திறக்கும் கதவுகள் ஒன்றேதான். ஒவ்வொரு கதவிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். இடத்தைக் காட்டியதும் அந்த ஆள் முதலில் எதைப் பார்த்தான்?

துணை இல்லாதவர்கள் புது இடத்தில் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவள் தாழ்ப்பாளைப் பார்ப்பாள். எந்த அறையிலும், எந்த வயதிலும்.

நேற்றைய தீவில் வங்காளி டீக்கடைக்காரர் பதில் சொல்லிவிட்டார். இந்தி தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் இன்பராஜ்தான் மொழிபெயர்த்தான்.

“அவரு ‘டக் டக்’ன்னாரு. நானும் ‘டக் டக்’ன்னேன். யாரோ கதவைத் தட்டறாங்கன்னு அவரு சம்சாரம் வந்து திறந்துட்டாங்க,” என்று இப்போதும் படகில் அதை நடித்துக் காட்டினான்.

டீக்கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். அந்த ஆள் வந்ததும் ஒரு மூங்கில் கழியை எடுத்து, கூரைக் கட்டைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே போனான். தினமும் படுப்பதற்கு முன் அதே வேலை. பைத்தியம் என்று நினைத்தார்கள். பாதகமில்லாத பைத்தியம். கொஞ்ச நாளில் வேறு தீவுக்குப் போய்விட்டான்.

கோலார் தங்க வயலில் அது பைத்தியம் அல்ல. உள்ளே இறங்குகிறவன் வேலையைத் தொடங்குமுன் இரும்புக் கம்பியால் தலைக்கு மேலே பாறையைத் தட்டுவான். கணீர் என்றால் நிற்கலாம். மொத்தென்று கேட்டால் அந்தப் பாறை விட்டுக்கொண்டிருக்கிறது, ஓடு.

“அக்கா, கடலைத் தாண்டி வந்தும் சுரங்கத்தை உட்டு வெளிய வரலை பாரு அவன்,” என்றான் இன்பராஜ். சிரிப்பதற்காக ஆரம்பித்த வாக்கியம், முடிக்கும்போது சிரிப்பில்லாமல் போய்விட்டது.

*

படகுத்துறையில் டிக்கெட்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “அடுத்த தீவுக்குப் போயிட்டு சாயங்காலம் இதே வழியா திரும்புவேன். அதை விட்டா அடுத்த வாரந்தான்.”

டீக்கடையில் விசாரித்தார்கள். தங்கவா? பாப்பம்மா வீடு. மரக் கிடங்குக்குப் பின்னால்.

பாப்பம்மா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி. காட்டு இலாகாவில் மரம் அறுக்கும் புருஷனோடு வந்து பல வருடமாகிறது. முழங்கை வரை மீன் செதிலோடு வாசலுக்கு வந்தாள்.

“இவரு உனக்கு யாரும்மா?”

“தம்பி மாதிரி.”

“மாதிரின்னா?”

“கூடப் பொறக்கலை. கூடவே வந்து உயிரை வாங்கறேன்,” என்றான் இன்பராஜ்.

“அப்போ தம்பிதான். நீ உள்ள படுத்துக்கோம்மா. தம்பிக்கு ஆட்டுக் கொட்டாய் கீது.”

“ஆட்டுக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

அறை பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. ஞானசுந்தரியின் கண் தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. நல்ல தாழ்ப்பாள். பிறகு வேண்டுமென்றே தலையை நிமிர்த்தினாள். கூரையைத் தாங்கிய கட்டைகளில், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும், சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக ஓடின.

“அதுவா? முன்னாடி ஒருத்தன் தங்கியிருந்தான். அவன் வேலை,” என்றாள் பாப்பம்மா. “முனிரத்தினம்னு பேரு. கோலாருக்காரன். தங்கமான மனுசன், ஆனா மண்டையில ஒரு ஆணி கழண்டவன். கழியால ஒரு தட்டு தட்டுவான். அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்கினு கேப்பான். நெறமாசக்காரி வயித்துல காதை வெச்சுக் கேக்கற மாதிரி.”

“அந்த ஒரு கட்டை மட்டும் புதுசா இருக்கே?”

“அத்த ஏன் கேக்கறே! ‘யக்கா, இந்தக் கட்டை உள்ள பொக்கையாக் கீது, மாத்திடு’ன்னான். வெளிய பாத்தா கல்லு மாதிரி கீது. எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு. மழை புடிச்சதும் பொத்துனு வந்து வுழுந்துச்சு. உள்ள பூராக் கரையான். மத்த கட்டைங்க சத்தத்துக்கும் இதுக்கும் நூலளவுதான் வித்தியாசம்னு சொல்லிக்கினு இருந்தான். அந்த நூலு எங்க காதுக்கு ஏறலை.”

அவள் மீனைக் கவனிக்கப் போனாள்.

ஞானசுந்தரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேடி வந்தது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது வருகிற துடிப்பு அவளுக்குள் இல்லை. பாப்பம்மா சொன்ன அந்த நூலளவு வித்தியாசம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்பராஜ், பார்வதம்மா தட்டை எதுக்கு ஓங்கி வெச்சா?”

“இன்னாக்கா திடீர்னு? கோவத்துலதான்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஆளு எவ்ளோ காலமா டிரில் அடிச்சான்?”

“மீசை முளைச்சதுலருந்து...” இன்பராஜ் நின்றான். “ஐயையோ. டிரில்காரனுங்க பாதிப் பேருக்குக் காதே...”

“கேக்காது. கூப்ட்டா திரும்ப மாட்டான், ஏன்னா அவனுக்குக் கேக்கலை. தட்டை ஓங்கி வெச்சா தரை அதிரும், அது உடம்புக்குத் தெரியும். நான் அதைப் புகாராக் கேட்டேன். அவ, அவனைத் தான் எப்படிக் கூப்பிடுவாள்னு சொல்லியிருக்கா.”

சொல்லும்போதே அவளுக்குக் கூசியது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாழ்கிற வீட்டில் எத்தனை விதமான சத்தங்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததைக் கசப்பு என்று படித்திருக்கிறாள். துப்பறிகிறவளுக்கு இது ஒரு தவறு. தனியாக இருப்பவளுக்கு இது பழக்கம்.

“காது கேக்காதவன் கூரையைத் தட்டி இன்னாத்தைக் கேப்பான்?” என்றாள்.

இன்பராஜ் மேலே கட்டைகளைப் பார்த்தான், பிறகு அவளை. “அப்போ இவன் முனிரத்தினம் இல்ல. அக்கா, இவ்ளோ தூரம் வாந்தி எடுத்துக்கினு வந்தது வேற எவனையோ பார்க்கவா?”

“டிரில்காரன் பக்கத்துல, அவனுக்காகத் தட்டிக் கேக்கற ஆளு ஒருத்தன் இருப்பான். முனிரத்தினத்துக்கு அது யாரு?”

“ராஜப்பா. ஆனா ராஜப்பா படத்துக்கு மாலை போட்டுக் கீதே! விசாரிக்கப் போன அன்னைக்கு அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து காப்பி குடிச்சேன். அவங்கம்மா அழுதுக்கினே ஆத்திக் குடுத்தாங்க.”

“படத்துக்கு மாலை போட்டது யார் பேச்சைக் கேட்டு? டோக்கன் பேச்சை. ராஜப்பா டோக்கன் திரும்பலை, அதனால ராஜப்பா செத்தான். முனிரத்தினம் டோக்கன் திரும்பிச்சு, அதனால முனிரத்தினம் ஓடிட்டான். அந்த டோக்கன் பலகை பித்தளையை எண்ணும், மூஞ்சைப் பார்க்காது. காலை ஷிஃப்ட் முடிச்சு தன் டோக்கனை மாட்டினவன், வீட்டுக்குப் போகாம, கூட்டாளி டோக்கனை எடுத்துக்கினு மறுபடி இறங்கியிருந்தா?”

“அப்போ அந்த மனுசன் எங்கயும் ஓடலை,” என்றான் இன்பராஜ்.

“ஓடலை. மூணு வருஷமா அங்கேயேதான் இருக்கான்.”

வாசலில் பாப்பம்மாவிடம் கேட்டார்கள். ஏன் அவன் இங்கிருந்து போனான்?

“கரையான் கட்டை வுழுந்ததுலருந்து அவனுக்கு எந்தக் கூரையும் ஒத்துக்கலை. இந்தத் தீவு, அந்தத் தீவுன்னு போனான். திரும்பி வந்தான். இப்ப கடலோரமா, மரம் ஏத்தற எடத்தாண்ட கீறான். மேல ஒண்ணுமே இல்லாம. மழை பெஞ்சா தார்ப்பாயை மேல சுத்திக்கினு குந்தியிருப்பான். நானும் கூப்ட்டுப் பாத்துட்டேன்.”

*

மரத் துண்டுகள் கரையில் யானைகள் மாதிரி கிடந்தன. அதற்கு அப்பால், மர நிழல்கூட இல்லாத வெட்ட வெளியில், ஒரு கட்டில். ஒரு தகரப் பெட்டி. கயிற்றில் ஒரு சட்டை. கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருவன் கையில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

“முனிரத்தினம்!” என்று இன்பராஜ் உரக்கக் கூப்பிட்டான்.

அவன் நிதானமாகத் திரும்பினான். பழகிய திருப்பம். கண்ணில் ஒரு கலவரமும் இல்லை. வேலைக்கு ஆள் கேட்டு வந்தவர்கள் என்று நினைத்திருப்பான். மறுபடி முள்ளைக் குனிந்து பார்த்தான்.

ஞானசுந்தரி நின்ற இடத்திலிருந்தே, அலைச் சத்தத்துக்குச் சற்று மேலே, மெதுவாகச் சொன்னாள்.

“ராஜப்பா.”

இந்த முறை அவன் திரும்பவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. அலை ஒன்று வந்து, போய், இன்னொன்றும் வந்தது.

“ஊர்லருந்து வர்றீங்களா?” என்று கடலைப் பார்த்தபடியே கேட்டான். “எங்கம்மா உயிரோட கீதா?”

“இருக்காங்க. நல்லா இருக்காங்க. எங்களைப் பார்வதம்மா அனுப்பினாங்க.”

அந்தப் பேரைக் கேட்டதும் அவன் எழுந்து நின்றான். ஓடுவான் என்று இன்பராஜ் ஒரு பக்கமாக நகர்ந்தான். ஓடவில்லை. எழுந்து நின்றால்தான் பேச முடியும் போலிருந்தது அவனுக்கு.

“ஃபுட்பால் மேட்ச் மா,” என்றான். “ஃபைனலு. அந்த வாரம் எங்க ரெண்டு பேரையும் வேற வேற ஷிஃப்டுல போட்டுட்டாங்க. முனிரத்தினம் அண்ணன் காலையில வேலை முடிச்சு மேல வந்துச்சு. நான் சுரங்க கேட்டாண்ட நின்னுக்கினு, என் டோக்கனைக் காட்டி, பந்தை ஒதைக்கிற மாதிரி காலைக் காட்டினேன். சிரிச்சுக்கினே வாங்கிக்கினு இறங்கிடுச்சு.”

“அப்புறம்?”

“செகண்ட் ஹாஃப்ல தரை அதிர்ந்துச்சு. எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. நம்மூர்ல அது நடக்கறதுதானே. அப்புறம் பந்தை ஒதைச்சாங்க. நானும் கத்தினேன் மா. கோல் போட்டாங்க, எகிறிக் குதிச்சேன். கேட்டாண்ட போனா பேரு படிக்கறாங்க. என் பேரு. எங்கம்மா மண்ணுல புரண்டுக்கினு கீது. நான் கூட்டத்துக்குப் பின்னாடி நிக்கறேன். முன்னாடி போயிருந்தா அது எழுந்திருக்கும். ஆனா அண்ணி அங்க நின்னுக்கினு இருந்துச்சு. என்னைப் பாத்தா, அப்ப உள்ள யாருன்னு கேக்குமே. தட்டிக் கேக்க ஆளில்லாம, காது கேக்காத மனுசனை உள்ள அனுப்பிட்டு வந்து நிக்கறேன்னு எந்த வாயால சொல்வேன்?”

இன்பராஜ் மணலைப் பார்த்தான்.

“அவர் பேரை எதுக்கு வெச்சுக்கினே?” என்று கேட்டாள் ஞானசுந்தரி.

“கப்பல்ல பேரு கேட்டாங்க. என் பேருதான் செத்துப் போச்சே. அண்ணன் பேரையாவது யாராவது கூப்ட்டுக்கினு இருக்கட்டும்னு.”

“அப்படிக் கூப்பிட்டது பார்வதம்மா காதுவரைக்கும் வந்துடுச்சு. புருஷன் உயிரோட எங்கயோ சௌக்கியமா கீறான், தான் மட்டும் ஆவாதவளாப் போய்ட்டோம்னு மூணு வருஷமா உக்காந்திருந்தா. அந்தச் செய்தி அதுக்கு முத்திரை குத்திச்சு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டுக்கினு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்கா.”

ராஜப்பா கடலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். இது மட்டும் அவன் கணக்கில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. புருஷனைக் காணோம் என்று பார்வதம்மா அழுதிருப்பாள், ஆறியிருப்பாள் என்றே இத்தனை காலம் நினைத்திருக்கிறான். ஓடினவன் பெண்டாட்டி என்று சொல்லி யாரும் அவளை அழவே விடவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

“என்னோட வா. அவகிட்ட நீயே சொல்லு.”

“முடியாது மா. என் வேலையை என் தம்பிக்குக் குடுத்திருக்காங்க. தாமோதரன். அவன் சம்பாத்தியத்துலதான் எங்கம்மா சோறு துன்னுது. நான் உயிரோட போய் நின்னா அந்த வேலை இன்னா ஆவறது? நான் செத்தவனாக் கீறதுதான் எல்லாருக்கும் நல்லது.”

“ஆபீசுக்குத் தெரிய வேண்டாம். ஊருக்குள்ளயே வர வேண்டாம். பங்காரப்பேட்டை ஸ்டேஷன்ல பார்வதம்மாவைக் கூட்டிக்கினு வர்றேன். பிளாட்பாரத்துல நின்னு அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு அடுத்த ரயில் ஏறு.”

“நீங்களே சொல்லிடுங்களேன் மா. நீங்க படிச்சவங்க.”

“நான் சொன்னா நம்ப மாட்டா. ஆறுதலுக்குக் கட்டின கதைன்னு நினைப்பா. யாராவது வந்து கதை சொல்ல மாட்டாங்களான்னு அவ கேக்கலை. உன்னை நேர்ல பார்த்தாத்தான், தன் புருஷன் தன்னை உட்டுட்டுப் போகலைன்னு அவளுக்குத் தெரியும். நீ உயிரோட நிக்கறதைத் தவிர அதுக்கு வேற சாட்சி கிடையாது.”

தூரத்தில் படகின் சங்கு ஊதியது. இந்தத் தீவுகளில் பொழுது சீக்கிரம் சாயும். கடல் அதற்குள் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. இன்பராஜின் கை வயிற்றுக்குப் போயிற்று. ஆட்டுக் கொட்டாயா, கடலா என்று அவனுக்குள்ளும் ஒரு வழக்கு நடந்திருக்க வேண்டும். ஆனாலும் பெட்டியை எடுத்துவர பாப்பம்மா வீட்டுப் பக்கம் அவன் ஓட ஆரம்பித்துவிட்டான். போனவன் நாலு அடியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

இழுத்துப் போக ஞானசுந்தரியிடம் போலீஸ் இல்லை, விலங்கு இல்லை. இவன் வராவிட்டால், பின்பக்கப் படியேறி வரப்போகிற பார்வதம்மாவின் முன்னால் உண்மையை வைத்துக்கொண்டு பொய்க்காரியாக உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

ராஜப்பா தன் கட்டிலைப் பார்த்தான். அதற்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தான்.

“அண்ணி என்னை அடிக்குமா?” என்று கேட்டான்.

“அடிப்பா,” என்றாள் ஞானசுந்தரி.

ராஜப்பா கயிற்றில் தொங்கிய சட்டையை எடுத்து, ஈரம் காயாததைக்கூடப் பார்க்காமல், மாட்டிக்கொண்டான்.

“அப்போ வர்றேன்,” என்றான்.